கல்லாவை மூடிய பிறகும் ஒலிக்க வேண்டிய தொலைபேசி

மனநல நெருக்கடி உதவி எண்களுக்கு அரசுப் பணம் ஏன் தேவை?

வணிகர் என்றாலே கணக்குப் பார்ப்பவர். கொள்முதல் கணக்கு, விற்பனைக் கணக்கு, வெளியே நிற்கும் பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி என்று நாள் முழுவதும் நம் மனம் எண்களோடுதான் உறவாடுகிறது. ஆனால் நம்மைப் பற்றியே அரசு எடுத்து வைத்திருக்கும் ஒரு கணக்கு நம்மில் பலர் கண்ணில் படுவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தற்கொலைக் கணக்கு அது.

கொரோனா ஊரடங்கு வந்த 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் 11,716 வணிகர்கள் தற்கொலையால் மாண்டனர் என்று அந்த அறிக்கை கூறுகிறது. அவர்களில் 4,356 பேர் கடை வைத்து வியாபாரம் செய்தவர்கள். 4,226 பேர் தெருவில் விற்றுப் பிழைத்த சிறு வியாபாரிகள். முந்திய 2019-ஆம் ஆண்டில் கடை வியாபாரிகள் எண்ணிக்கை 2,906 ஆக இருந்தது. ஒரே ஆண்டில் ஏறத்தாழ பாதிக்குப் பாதி கூடியிருக்கிறது! விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் சேர்ந்து அந்த ஆண்டில் 10,677 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்தை நாடு அறியும், பத்திரிகைகள் எழுதும், சட்டமன்றத்தில் பேசுவார்கள். அதைவிடக் கூடுதலாக இருந்த வணிகர் எண்ணிக்கையைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

யார் துயரம் பெரிது என்று தராசில் நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உழவர் வாடினால் நம் கடையும் வாடும். நம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் கீழணையில் தண்ணீர் திறந்து, வடவாறு வழியாக வீராணம் நிறைந்து, சம்பா விளைந்து, அறுவடை முடிந்தால்தான் மளிகைக் கடைப் பாக்கி வரும். ஐப்பசி கார்த்திகையில் மழை அடித்துக்கொண்டு போனால் உழவர் வயலோடு நம் கடன் நோட்டும் சேர்ந்து நனைகிறது. உழவர் கஷ்டமும் கடைக்காரர் கஷ்டமும் ஒரே வாய்க்காலில் வரும் தண்ணீர்தான்.

வணிகர் ஏன் வாய் திறப்பதில்லை?

ஒரு கூலித் தொழிலாளி கையில் காசில்லை என்றால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்ப முடியும். வணிகரால் அது முடியாது. காரணம் வெட்கம் மட்டுமல்ல. வணிகரின் முதல் என்பது ரொக்கமும் சரக்கும் மட்டுமன்று. நம்பிக்கையும் ஒரு முதல். "அவர் கடை ஆட்டம் கண்டுவிட்டது" என்று ஒரு சொல் கடைத்தெருவில் பரவினால் போதும். மறுநாளே மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு அனுப்ப யோசிப்பார். ஏஜென்சிக்காரர் ரொக்கம் கேட்பார். கைமாற்றுக் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார். ஆகவே நெஞ்சு வெடித்தாலும் முகத்தில் சிரிப்போடு கல்லாவில் உட்கார வேண்டியிருக்கிறது. மனைவியிடம்கூடச் சொல்லாத கடன் எத்தனை குடும்பங்களில் இருக்கிறது!

மருத்துவரைப் பார்க்கலாமே என்றால், காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு அடைக்கும் கடைக்காரர் எப்போது போவார்? சிதம்பரம் சுமார் 25 கிலோமீட்டர். மருத்துவமனையில் மனநலப் பிரிவு வாசலில் வரிசையில் உட்கார்ந்தால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார் என்ற அச்சம் வேறு. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பது நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்ட செய்தி.

இந்த இடத்தில்தான் தொலைபேசி உதவி எண் வணிகருக்குப் பொருத்தமாக அமைகிறது. கடை அடைத்த பிறகு பேசலாம். ஊரார் பார்க்கமாட்டார்கள். எதிர்முனையில் இருப்பவர் நம் சரக்குக்காரருக்கு உறவினர் அல்லர். நம் கடைத்தெருவில் அவருக்கு வேலை இல்லை.

தொலைபேசி கடனை அடைத்துவிடுமா என்று கேட்கலாம். அடைக்காது. ஆனால் உயிரைப் போக்கிக்கொள்ளும் எண்ணம் பலருக்கு ஒரு அலையைப் போல எழுந்து அடங்குகிறது. அந்தச் சில மணி நேரத்தைக் கடக்க ஒரு துணை இருந்தால், மறுநாள் கடனுக்கு வழி தேட ஆள் இருப்பார். கடன் மட்டுமே காரணம் என்றும் எண்ணிவிடக்கூடாது. 2022-ஆம் ஆண்டு அறிக்கையில் குடும்பப் பிரச்சினைகள் 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம் என்று முதல் இரு இடங்களில் நிற்கின்றன. கடனும் நொடிப்பும் சுமார் 4 சதவீதம். பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது அவற்றைப் பிரித்துப் பார்க்க அமைதியான மனம் வேண்டும். அந்த அமைதிக்கு முதல் படிதான் பேசுவது.

நம் வட்டாரம் கண்ட பாடம்

இந்த விஷயத்தில் நம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. சென்னையில் 1986-ஆம் ஆண்டு டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் மருத்துவ ஆய்வாளர்களும் நம் பகுதிக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்துக்கென்று பொதுக் காப்பறை கட்டினார்கள். உழவர்கள் மருந்தை வீட்டில் வைக்காமல், வங்கி லாக்கர் போன்ற பெட்டியில் வைத்துப் பூட்டி, வயலுக்குத் தேவைப்படும்போது எடுத்துச் சென்றார்கள். காப்பறை இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இங்கே மருந்தால் நேரும் சாவுகளும் முயற்சிகளும் நன்றாகக் குறைந்தது தெரிந்தது. 2013-ஆம் ஆண்டு ஒரு பன்னாட்டு மருத்துவ இதழில் அந்த ஆய்வு வெளியாயிற்று.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? யாரும் உழவரின் கடனை அடைக்கவில்லை. நடுவில் ஒரு பூட்டும் கொஞ்சம் நேரமும் வந்தன, உயிர்கள் தங்கின. தொலைபேசி உதவி எண்ணும் அதே வேலையைத்தான் செய்கிறது. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே ஒரு மனிதக் குரலை வைக்கிறது.

தர்மத்தால் ஓடிய வண்டி

1953-ஆம் ஆண்டு லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களுக்காக ஒரு தொலைபேசியை வைத்து உட்கார்ந்தார். அதுவே 'சமாரிட்டன்ஸ்' அமைப்பாக வளர்ந்தது. இலங்கையில் 1974-ல் 'சுமித்ரயோ' தோன்றியது. சென்னையில் சிநேகாவும் இதே வழியில் வந்ததுதான். சம்பளம் வாங்காத தொண்டர்கள் பயிற்சி பெற்று, வருவோர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்; ரகசியம் காக்கிறார்கள்; கட்டணம் கிடையாது. பொதுமக்கள் தரும் நன்கொடையில் இது பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. அந்தத் தொண்டர்களுக்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஆனால் கோயில் அன்னதானத்தை நம்பி ஒரு மாவட்டத்தின் பசியைத் தீர்க்க முடியுமா? அதற்கு நியாய விலைக் கடை வேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேரும் தமிழகத்தில் மட்டும் 19,834 பேரும் தற்கொலையால் இறந்தார்கள். இவ்வளவு பெரிய சுமையை நன்கொடை உண்டியல் தாங்காது. அரசு தாங்க வேண்டும்.

அது கருணை அன்று, கடமை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 29-ஆவது பிரிவு, தற்கொலையைக் குறைக்கும் திட்டங்களை வகுத்து நடத்துவது அரசின் கடமை என்று கூறுகிறது. 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. முயற்சியையே குற்றமாக வைத்திருந்த பழைய 309-ஆவது பிரிவும் 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆகவே உதவி எண்ணுக்குப் பேசினால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அரசு வைத்த தொலைபேசிகள்

தமிழக அரசு 2013 டிசம்பரில் 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடங்கியது. பொது மருத்துவ ஆலோசனையோடு மனநல ஆலோசனையும் அதில் கிடைக்கிறது. தேர்வு முடிவு வரும் நாட்களில் மாணவர்களுக்கு இந்த எண் கைகொடுத்து வருவதை நாம் அறிவோம்.

மத்திய அரசு 2022-23 பட்ஜெட்டில் தேசியத் தொலைபேசி மனநலத் திட்டத்தை அறிவித்து, 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று 'டெலி மானஸ்' என்ற பெயரில் தொடங்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்குத் தலைமை நிலையம். எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழ் உட்பட 20 மொழிகளில் சேவை உண்டு. தமிழகத்தில் இதே எண்ணில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் மனநல சேவை நடக்கிறது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல நிபுணரிடமும், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் நேரடிச் சிகிச்சைக்கும் வழிகாட்டுவார்கள். 2025 பிப்ரவரி வரையில் நாடு முழுவதும் 18 லட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்துவிட்டன. மக்களுக்கு இது தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி பற்று வரவைப் பார்ப்போம்

தொடங்குவது எளிது, தொடர்ந்து நடத்துவதுதான் கஷ்டம் என்பது கடை வைத்த ஒவ்வொருவருக்கும் தெரியும். இந்தத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய தொகை 2022-23-ல் 120.98 கோடி ரூபாய், 2023-24-ல் 133.73 கோடி, 2024-25-ல் 90 கோடி. அழைப்புகள் ஏறிக்கொண்டு போகும்போது ஒதுக்கீடு இறங்கியிருக்கிறது. வாடிக்கையாளர் கூடும்போது கடைப் பையன்களைக் குறைக்கும் முதலாளியை நாம் எங்காவது பார்த்ததுண்டா?

140 கோடி மக்களுக்கு 90 கோடி ரூபாய் என்றால் தலைக்கு ஆண்டுக்கு சுமார் 64 காசு. ஒரு மிட்டாய் விலைகூட இல்லை.

தொடக்கச் செலவு முடிந்துவிட்டது, அதனால் தொகை குறைந்தது என்று ஒரு வாதம் வரலாம். கணினியும் கட்டடமும் ஒருமுறைச் செலவு என்பது உண்மைதான். ஆனால் உதவி எண்ணின் பெரிய செலவு கட்டடம் அல்ல, ஆள். நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். வாரம் ஒரு நாள் ஓய்வு, பண்டிகை, விடுப்பு எல்லாம் கழித்தால் எட்டு மணி நேரம் வேலை பார்க்கும் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,200 மணி நேரம்தான் உட்கார முடியும். ஆகவே ஒரே ஒரு நாற்காலி இரவு பகலாகக் காலியாகாமல் இருக்க 4 பேர் வேண்டும். பத்து அழைப்புகளை ஒரே நேரத்தில் எடுக்க வேண்டுமானால் 40 பேர். அவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம். அவர்களுக்கு மேலே நிபுணர்கள், பயிற்சி, மேற்பார்வை. இவை ஆண்டுதோறும் வரும் செலவு. ஏறுமே தவிர இறங்காது.

சம்பளம் தாமதமானால் அனுபவமுள்ளவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். புதியவருக்குப் பயிற்சி முடிவதற்குள் நாற்காலி காலி. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் எண்ணை அழுத்துகிறார். எடுக்க ஆளில்லை, மணி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. நம் கடையில் வாடிக்கையாளர் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார். இங்கே அடுத்த கடை கிடையாது.

அமெரிக்காவில் ஒரு வழி

அமெரிக்காவில் 2022 ஜூலை 16-ல் நாடு முழுவதற்கும் 988 என்ற மூன்றிலக்க எண் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2020-ல் இயற்றிய சட்டத்தில், தொலைபேசிக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையை இந்தச் சேவைக்கென்றே வசூலிக்க மாநிலங்களுக்கு அனுமதி அளித்தார்கள். வாஷிங்டன் மாநிலம் 2021 அக்டோபர் முதல் இணைப்புக்கு மாதம் 24 சென்ட் என்று வாங்கத் தொடங்கி, 2023-ல் அதை 40 சென்ட் ஆக்கியது. இதனால் பட்ஜெட் எப்படி ஆனாலும் சேவைக்கென்று ஒரு வருமானம் நிற்கிறது.

எல்லாம் அங்கே நன்றாக நடக்கிறது என்று சொல்லவில்லை. ஒருபாலின ஈர்ப்புள்ள, பால் மாறிய இளைஞர்களுக்கென்று அந்த எண்ணில் இருந்த தனிப் பிரிவை 2025 ஜூலை 17-ல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. நிலையான ஏற்பாடு இல்லாத சேவை ஒரு கையெழுத்தில் நின்றுபோகும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

நம் நாட்டிலும் தொலைபேசிக் கட்டணத்தில் இன்னொரு வரி போட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வரியின் பாரம் வணிகருக்குத் தெரியாததா? கட்டும் வரியிலிருந்தே இதற்கு ஒரு பங்கை உறுதியாக ஒதுக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: உதவி எண் சேவைக்கு ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும் ஒதுக்கீடு கூடாது. குறைந்தது மூன்றாண்டுகளுக்கு உறுதியான தொகையை மத்திய, மாநில அரசுகள் அறிவிக்க வேண்டும்.

இரண்டு: ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு, வந்த அழைப்புகள் எத்தனை, எடுக்கப்படாமல் போனவை எத்தனை, சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இருப்புப் பார்க்காத கடை உருப்படாது.

மூன்று: தொலைபேசியில் "மருத்துவரைப் பாருங்கள்" என்று சொன்னால் பார்ப்பதற்கு மருத்துவர் இருக்க வேண்டும். காட்டுமன்னார்கோயில் போன்ற வட்டத் தலைநகரங்களின் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் வரும் நாள் தவறாமல் நடைபெற வேண்டும். அந்த நாள் ஊருக்குத் தெரிய வேண்டும்.

நான்கு: சிநேகா போன்ற தொண்டு அமைப்புகளுக்கு, அவற்றின் சுதந்திரத்தில் கை வைக்காமல், அரசு நிதியுதவி தர வேண்டும்.

ஐந்து: 1989-ல் அமைந்த தமிழ்நாடு வணிகர் நல வாரியம், உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை தருகிறது. நன்றி. ஆனால் அது இறந்த பிறகு வரும் பணம். இறக்காமல் காக்கவும் வாரியம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, வணிகரின் கடன் சிக்கலை அறிந்த ஆலோசகர்களுக்கு ஏற்பாடு செய்யலாம். வெள்ளம் வருமுன் அணை போடுவதல்லவா புத்தி? வீராணத்துக் கரையில் வாழும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

அரசைக் கேட்பதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. 14416 என்ற எண்ணைக் கல்லாவுக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். பில் புத்தகம் அச்சடிக்கும்போது அடியில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு அச்சகத்தார் கூடுதல் காசு கேட்கமாட்டார்.

பூச்சிமருந்துக் கடை வைத்திருப்போர், கலங்கிய முகத்தோடு தனியே வந்து கேட்பவரிடம் எந்தப் பயிருக்கு, எத்தனை ஏக்கருக்கு என்று இரண்டு வார்த்தை பேச வேண்டும். சந்தேகம் வந்தால் வீட்டாரை வரச் சொல்லுங்கள். ஒரு பில் போனால் போகட்டும்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வசூலுக்குப் போகும் பையனிடம், கடைக்காரரை வாடிக்கையாளர் முன்னாலும் குடும்பத்தார் முன்னாலும் அவமானப்படுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். பாக்கியைத் தவணையாகப் பிரித்துக் கொடுத்தால் பணமும் வரும், கடையும் நிற்கும், மனிதரும் இருப்பார். அநியாய வட்டிக்காரரிடம் சிக்கியவர்களுக்கு 2003-ஆம் ஆண்டு தமிழகக் கந்து வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த சங்கம் துணை நிற்க வேண்டும்.

பக்கத்துக் கடைக்காரர் சில நாட்களாகக் கடையைத் தாமதமாகத் திறக்கிறார், பேச்சைக் குறைத்துக்கொண்டார், "இனி நான் இருந்து என்ன" என்கிறார் என்றால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். கடை அடைத்த பிறகு தனியே உட்கார்ந்து, "அண்ணே, சாகலாம் என்கிற மாதிரி எண்ணம் ஏதாவது வருதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாராவது கேட்டார்களே என்ற நிம்மதிதான் வரும். புத்திமதி சொல்ல வேண்டாம்; காது கொடுங்கள். "ஆமாம்" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டாருக்குச் சொல்லுங்கள். அவரோடு உட்கார்ந்து நீங்களே 14416 எண்ணை அழுத்திக் கொடுங்கள். 104 எண்ணிலும், சிநேகாவின் 044-24640050 எண்ணிலும் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108-ஐ அழையுங்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படி ஓர் எண்ணம் இருந்தால், இன்றைக்கே பேசிவிடுங்கள். கடை நொடிப்பது வாழ்க்கை நொடிப்பதாகாது. கீழே விழுந்து மறுபடி எழுந்த கடைகள் நம் கடைத்தெருவிலேயே எத்தனையோ உண்டு.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் மேலே கண்ட ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கும், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், வணிகர் நல வாரியத்துக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஓர் ஊர்ச் சங்கத்தின் தீர்மானம் பட்ஜெட்டை மாற்றுமா என்று தயங்க வேண்டாம். மாநிலமெங்கும் சங்கங்கள் கேட்டால் கேட்காத காதும் கேட்கும். நாம் கேட்பது தலைக்கு ஒரு சில ரூபாய். அந்தப் பணத்தால் இரவு இரண்டு மணிக்கு ஒலிக்கும் தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் இருப்பார்.